சம்மதம்



சில வருஷங்களுக்கு முன்னால் சொந்தக்காரப் பெண் ஒருத்தியின் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்து சி.எஸ்.ஐ. ஆலயம். மூன்று ஞாயிறு ஓலை வாசித்தாயிற்று, யாரும் தடை சொல்லவில்லை. மண்டபத்தில் பிரியாணி தம்மில் இருக்கிறது. ஐயர் (குருவானவரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வோம்) மாப்பிள்ளையிடம் சம்மதம் கேட்டார். கணீரென்று பதில் வந்தது. பெண்ணிடம் கேட்டார். சத்தமே இல்லை. மைக் வேலை செய்யவில்லையோ என்று ஒருவர் ஓடிவந்து தட்டிப் பார்த்தார். ஐயர் மறுபடி கேட்டார். அந்தப் பிள்ளை தலையை ஆட்டியது. அவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. கையிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டு, “வாயால சொல்லும்மா, அவசரமில்ல” என்றார்.

அது சொல்லிற்று. மெதுவாகத்தான். முன்வரிசைக்குக் கேட்டது, ஐயருக்கு அது போதும். பிறகு விசாரித்தால் பெரிய காரணம் ஒன்றுமில்லை. விடியற்காலை 3 மணிக்கு அலங்காரத்துக்கு உட்காரவைத்து, ஒரு வாய் காப்பிகூடக் கொடுக்காமல் கூட்டிவந்திருக்கிறார்கள், தொண்டை வறண்டுவிட்டது.

எனக்கு அந்த நிமிஷம் மனதில் நின்றுபோயிற்று. நகை போட்டாயிற்று, மண்டபத்துக்குப் பணம் கட்டியாயிற்று, ஊரே வந்து உட்கார்ந்தாயிற்று. ஆனாலும் ஒரு பெண்ணின் வாயிலிருந்து ஒரு சொல் வரும்வரை எதுவுமே நடந்ததாகக் கணக்கில்லை. பயமுறுத்தி வாங்கிய சம்மதம் சம்மதமே அல்ல, அந்தக் கல்யாணமும் செல்லாது என்று கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் இன்றைக்கும் சொல்கிறது. தன் வரலாற்றில் எத்தனையோ காரியங்களை மனுஷரைக் கேட்காமல் செய்த திருச்சபை, இந்த இடத்தில் மட்டும் பிடிவாதமாக நின்று கேட்கிறது.

தேவன் நம்மிடம் அப்படிக் கேட்கிறாரா? நேசிக்கிறாயா என்று அவர் கேட்டால் இல்லை என்று சொல்ல நமக்கு இடம் உண்டா? அல்லது நம் பதிலையும் அவரே எழுதி வைத்துவிட்டாரா? இதுதான் இன்றைக்கு எனக்குக் கொடுத்த தலைப்பு. திருச்சபை 1,600 வருஷமாகப் பேசியும் முடிக்காத விஷயத்துக்கு முக்கால் மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். பார்ப்போம்.

சிக்கல் வேதத்திலேயே தொடங்குகிறது. தேவனை முழுசாக நேசிக்க வேண்டும் என்பது உபாகமம் 6ஆம் அதிகாரத்தில் கட்டளையாக வருகிறது. இயேசுவும் அதையே தலைக்கட்டளை என்றார். வரி கட்டு என்று கட்டளை போடலாம். கொலை செய்யாதே என்று போடலாம். நேசி என்று எப்படிப் போடுவது? “மாமாவுக்கு ஒரு முத்தம் கொடு” என்று அம்மா அதட்டினால் குழந்தை கொடுக்கிற முத்தம் எப்படி இருக்கும் என்று மாமாக்களாகிய நமக்குத் தெரியும்.

பழைய உலகத்துக்கு இது விசித்திரமில்லை. கி.மு. 672இல் அசீரிய ராஜா எசரத்தோன் தன் கீழிருந்த சிற்றரசர்களிடம் ஓர் உடன்படிக்கை வாங்கினான். தனக்குப் பின் பட்டத்துக்கு வரும் மகன் அசூர்பனிபாலை அவர்கள் தங்களைப்போலவே நேசிக்க வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. மீறினால் விழும் சாபங்களின் பட்டியல் வெகு நீளம். களிமண் பலகைகளில் அது நமக்குக் கிடைத்திருக்கிறது. அங்கே நேசம் என்றால் விசுவாசமாக இரு, எதிரியோடு சேராதே என்று அர்த்தம். மனசைப் பற்றிய பேச்சே இல்லை. உபாகமமும் அந்தக் காலத்து உடன்படிக்கை பாஷையில்தான் பேசுகிறது, சாபப் பட்டியல் உட்பட. ஆனால் 7ஆம் அதிகாரத்தில் எந்த அசீரிய ராஜாவுக்கும் வாயில் வராத ஒரு பேச்சு வருகிறது. ஜனங்களிலெல்லாம் நீங்கள்தான் கொஞ்சப் பேர், உங்கள் கூட்டத்தைப் பார்த்து அவர் வரவில்லை, நேசித்ததால் வந்தார் என்கிறார் மோசே. கட்டளைக்கு முந்தி நேசம் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

அதே புத்தகத்தில் 30ஆம் அதிகாரத்தை வீட்டுக்குப் போய் எடுத்துப் பாருங்கள். 6ஆம் வசனத்தில், நீங்கள் நேசிப்பதற்கு ஏற்றபடி தேவனே உங்கள் இருதயத்தைச் சரிசெய்வார் என்கிறார். 19ஆம் வசனத்துக்கு வந்தால், ஜீவனா மரணமா, நீங்களே தெரிந்தெடுங்கள் என்கிறார். ஒரே அதிகாரம், ஒரே வாய். மோசேக்கு இதில் முரண்பாடு உறுத்தியதாகத் தெரியவில்லை. உறுத்தியது பின்னால் வந்த நமக்குத்தான்.

வாலிபர் முகாம்களில் இதற்கு ஒரு ரெடிமேட் பதில் உண்டு. தேவன் நினைத்திருந்தால் நம்மை ரோபோவாகப் படைத்திருக்கலாம். பொத்தானை அமுக்கினால் ‘ஐ லவ் யூ’ சொல்லும் பொம்மையின் அன்பு அவருக்கு வேண்டாம். அதனால்தான் சுயசித்தம் கொடுத்தார். நானும் இதை 20 வருஷம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பாதி சரி. மறுபாதியில்தான் கோளாறு. இந்தக் கதையில் வருகிற மனுஷன் ஜவுளிக்கடைக்குப் போனவன் மாதிரி நிற்கிறான். இந்தப் பக்கம் தேவன், அந்தப் பக்கம் உலகம், கடைக்காரர் விரித்து விரித்துப் போடுகிறார், இவன் நிதானமாகத் தொட்டுப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்கிறான். அப்படி நின்ற ஒரு மனுஷனையும் நான் பார்த்ததில்லை. நம்மில் யாரும் பெற்ற தாயை அப்படிப் பொறுக்கி எடுத்து நேசிக்கவில்லை. குடிக்கப் போகிறவனும் அப்படி நின்று யோசித்துவிட்டுப் போகவில்லை.

இதைத் தன் சொந்த வயிற்றெரிச்சலோடு எழுதிவைத்தவர் அகஸ்தீன். 354இல், இன்றைய அல்ஜீரியாவில் உள்ள தாகாஸ்தேயில் பிறந்தவர். 16 வயதில் ஒரு ராத்திரி கூட்டாளிகளோடு போய், பக்கத்துத் தோட்டத்துப் பேரிமரத்தை உலுக்கி, காயையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தார். பசியில்லை. அதைவிட நல்ல காய் வீட்டிலேயே இருந்தது. பேருக்கு ருசி பார்த்துவிட்டு மிச்சத்தைப் பன்றிகளுக்குப் போட்டார்கள். நம் ஊரில் மாங்காய் திருடாத பையன் உண்டா? ஆனால் இவர் 40 வயதுக்கு மேல், ஹிப்போ நகரத்துப் பேராயராக உட்கார்ந்துகொண்டு, அந்தப் பேரிக்காய்க்காகப் பக்கம் பக்கமாக அழுகிறார். எதற்கு எடுத்தேன்? திருடுவது ருசித்தது, எடுத்தேன். தனியாக இருந்திருந்தால் எடுத்திருக்கவே மாட்டேன். யாரும் அவர் கையைப் பிடித்து இழுக்கவில்லை, அதனால் சுயசித்தம்தான். ஆனால் காய்ச்சல்காரன் தனக்கு ஆகாததைக் கேட்டு வாங்கித் தின்கிற மாதிரியான சுயசித்தம். பிற்பாடு 386இல், மிலான் நகரத்தில் ஒரு தோட்டத்தில் அவர் தலையைப் பிய்த்துக்கொண்டு தவித்ததும் இதற்குத்தான். கையை அசை என்றால் கை அசைகிறது. விரும்பு என்று மனசு தனக்குத் தானே சொன்னால் மட்டும் மனசு கேட்க மாட்டேன் என்கிறது.

அதனால்தான் அவர் ஜெபத்தில், நீர் எதைக் கட்டளையிடுகிறீரோ அதற்கு வேண்டியதையும் நீரே கொடும் என்று கேட்டார். பிரித்தானியாவிலிருந்து ரோமுக்கு வந்திருந்த பெலாகியு என்ற துறவியின் காதில் இது விழுந்தபோது அவருக்குப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் தேவன் தலையில் போட்டால் மனுஷன் எதற்கு இருக்கிறான்? நம் பிரசங்கங்களில் பெலாகியுவுக்கு எப்போதும் வில்லன் வேஷம். எனக்கு அவர்மேல் கொஞ்சம் அனுதாபம் உண்டு. கிருபை, கிருபை என்று பாடிக்கொண்டே மீட்டர் வட்டிக்கு விடுகிற ஆட்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர் கோபப்பட்டது அப்படிப்பட்டவர்கள்மேல்தான். ஆனால் அவர் எழுதிக்கொடுத்த மருந்து ‘உன்னால் முடியும், செய்’ என்பது. குடியை விட முடியாமல் ராத்திரி அழுகிறவனிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். 418இல் கார்த்தேஜில் கூடிய ஆலோசனைச் சங்கம் பெலாகியுவின் போதனையைத் தள்ளிவிட்டது. சரியான தீர்ப்பு என்பதே என் எண்ணம்.

அதோடு வழக்கு முடியவில்லை. 1524இல் எராஸ்மஸ் என்ற அறிஞர் சுயசித்தத்தின் பக்கம் ஒரு புத்தகம் எழுதினார். அடுத்த வருஷம் சீர்திருத்தவாதி லூத்தர் பதில் எழுதினார். பாப்பரசர், உத்தரிக்கிற ஸ்தலம் என்று சில்லறை விஷயங்களைப் பிடிக்காமல் நேரே குரல்வளையைப் பிடித்தவர் நீர் ஒருவர்தான் என்று எதிராளியைப் பாராட்டிவிட்டுத்தான் அடிக்கத் தொடங்குகிறார். லூத்தர் சொல்லும் உவமை சுமைமிருகம். அதன்மேல் தேவன் ஏறினால் அவர் போகிற பக்கம் போகும், பிசாசு ஏறினால் அவன் போகிற பக்கம் போகும். யார் ஏறுவது என்பது மிருகத்தின் கையில் இல்லை. எராஸ்மஸின் உவமை நம் வீட்டுக்குள் நடப்பது. இன்னும் நடக்கத் தெரியாத குழந்தை விழுந்து கிடக்கிறது. அப்பா தூக்கி நிறுத்துகிறார். எதிரே ஓர் ஆப்பிளைக் காட்டுகிறார். குழந்தைக்கு ஓடிப்போய் எடுக்க ஆசை, கால் நிற்கவில்லை. அப்பா பிடித்துக்கொண்டே நடத்திக் கூட்டிப்போய்க் கையில் ஆப்பிளைக் கொடுக்கிறார். நானே நடந்து எடுத்தேன் என்று குழந்தை சொல்ல முடியுமா? முடியாது. ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லலாமா? அதுவும் முடியாது. லூத்தர் பெரியவர், அவருடைய வாதமும் பலமானது. நடைவண்டி பிடித்துப் பிள்ளைகளை நடத்திய அனுபவத்தில் சொல்கிறேன், என் ஓட்டு எராஸ்மஸின் குழந்தைக்கு.

கத்தோலிக்கர்களுக்குள்ளும் இதே சண்டை வந்தது. 1588இல் இயேசு சபைக் குரு மொலினா எழுதிய நூலால் கிளம்பியது. மொலினா மனுஷ சித்தத்துக்கு அதிக இடம் கொடுக்கிறார் என்று தொமினிக்கன் சபையார் எதிர்த்தார்கள். ரோமில் பல வருஷம் விசாரணை. கடைசியில் 1607இல் பாப்பரசர் 5ஆம் பவுல், இரண்டு தரப்பும் தங்கள் கொள்கையைப் போதிக்கலாம், ஒருவர் மற்றவரை மதவிரோதி என்று சொல்லக்கூடாது, தீர்ப்பு பிறகு வரும் என்று அனுப்பிவைத்தார். 400 வருஷத்துக்கு மேல் ஆகிறது, அந்தத் தீர்ப்பு இன்னும் வரவில்லை. நம் நீதிமன்றங்கள் பரவாயில்லை.

அந்த 1607க்கு முந்தின வருஷம்தான் இன்னொரு இயேசு சபைக் குரு, ராபர்ட் தெ நொபிலி, மதுரைக்கு வந்து சேர்ந்தார். தான் வந்து இறங்கிய தமிழகத்தில் வைணவர்கள் இதே வழக்கை அதற்கு முன்பே தமிழில் நடத்திக்கொண்டிருந்தார்கள் என்பது அவருக்கு எவ்வளவு தெரியுமோ. குரங்குக்குட்டி தாயை இறுகப் பிடித்துக்கொள்கிறது. பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகிறது. ஜீவன் எந்தக் குட்டி? வடகலையார் குரங்கு என்றார்கள், தென்கலையார் பூனை என்றார்கள். வைணவ வீட்டில் பிறந்து, கம்பனைக் கரைத்துக் குடித்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்ற ஹெச். ஏ. கிருஷ்ணபிள்ளை இந்தப் பேச்சு காதில் விழாமல் வளர்ந்திருக்க மாட்டார். அவருடைய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் அச்சானது. அதில் கிருபை என்ற கருத்து இரவல் துணி மாதிரித் தெரியாமல் சொந்த ஊர்ச் சரக்காக இருப்பதற்கு இந்தக் குரங்கும் பூனையும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

உவமைகளை விட்டுவிட்டு நடந்த ஒரு காரியத்துக்கு வருகிறேன். 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஊர் ஊராகக் கிறிஸ்தவர்களானார்கள். 20,000 பேர் என்பார்கள். ஒவ்வொருவரும் வேதத்தை ஆராய்ந்து இருதயத்தைத் திறந்தார்கள் என்று கதை கட்ட வேண்டாம். முத்துக்குளிப்பில் மோதல் வந்தது, போர்த்துக்கீசியக் கப்பல்களின் பாதுகாப்பு தேவைப்பட்டது, பட்டங்கட்டிகள் என்ற ஊர்த் தலைவர்கள் பேசி முடிவெடுத்தார்கள், ஊர் ஞானஸ்நானம் பெற்றது. 1542இல் சவேரியார் வந்து பார்க்கும்போது அவர்களுக்குக் கர்த்தருடைய ஜெபம்கூடத் தெரியவில்லை. உள்ளூர்க்காரர்களை வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, கையில் ஒரு மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார்.

இதில் சுயசித்தம் எங்கே இருக்கிறது? தேடிப் பார்த்தால் கிடைக்காது. ஒரு நூற்றாண்டு தள்ளிப் பாருங்கள். 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினார்கள், ஜனங்களைத் தங்கள் சீர்திருத்த சபைக்கு வரச் சொன்னார்கள். வேடிக்கை என்னவென்றால், யார் இரட்சிக்கப்படுவார்கள் என்பது தேவனுடைய முன்தீர்மானம், மனுஷன் கையில் இல்லை என்று 1618-19இல் டோர்ட் நகரத்தில் சங்கம் கூட்டி எழுதிவைத்த சபை அது. அந்தச் சபையின் முன்னால் நின்று பரதவர்கள் வர மாட்டோம் என்று சொன்னார்கள். பாதுகாப்பும் வியாபாரமும்தான் காரணம் என்றால் இப்போது டச்சுக்காரன் பக்கம்தானே சாய்ந்திருக்க வேண்டும்? சாயவில்லை. முதல் தடவை அவர்களை யாரும் தனித்தனியாகக் கேட்கவில்லை. இரண்டாம் தடவை கேட்டபோது பதில் தயாராக இருந்தது. அந்தச் சம்மதம் 120 வருஷம் பிந்தி வந்தது, ஆனால் வந்தது.

நான் சொல்ல வந்தது இதுதான். சுயசித்தம் வாசலிலேயே வாங்குகிற அனுமதிச்சீட்டு என்று நினைக்கிறோம். பெரும்பாலும் உள்ளே வந்து வெகுநேரம் ஆன பிறகுதான் அது கேட்கப்படுகிறது. என் அப்பா அம்மா என்னைக் கேட்காமலேதான் எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். தமிழும் என்னைக் கேட்காமல்தான் கற்றுக்கொடுத்தார்கள். ஏற்கெனவே நேசிக்கப்பட்டவனிடம்தான் நேசிக்கிறாயா என்று கேட்க முடியும். சர்ச் காலண்டர்களில் ஒரு படம் பார்த்திருப்பீர்கள், இயேசு கையில் விளக்கோடு கதவைத் தட்டிக்கொண்டு நிற்பார். 1850களில் ஹோல்மன் ஹன்ட் என்ற ஆங்கிலேயர் வரைந்த ஓவியத்தின் வழியில் வந்த படம். வெளிப்பக்கம் கைப்பிடி கிடையாது, உள்ளேயிருந்துதான் திறக்க வேண்டும் என்று எல்லாப் போதகர்களும் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது, அந்தப் படத்துக்கு ஆதாரமான வசனம் லவோதிக்கேயா சபைக்கு எழுதின கடிதத்தில் இருக்கிறது என்பதை. அவர் தட்டுவது அந்நியர் வீட்டுக் கதவை அல்ல, தன் சொந்த ஜனங்களின் கதவை.

திறக்காவிட்டால்? மாற்கு 10ஆம் அதிகாரத்தில் வரும் பணக்காரனைப் பாருங்கள். இயேசு அவனைப் பார்த்து அன்புகூர்ந்தார் என்று மாற்கு சொல்கிறார். அவன் துக்கத்தோடு போய்விட்டான். இயேசு பின்னால் ஓடவில்லை, பாதிச் சொத்தை விற்றாலும் போதும் என்று பேரம் பேசவில்லை. யோவான் 6இல் கூட்டமே கலைந்து போனபோது, பன்னிரண்டு பேரிடம் நீங்களும் போகிறீர்களா என்று கேட்கிறார். கிரேக்க மூலத்தில் அந்தக் கேள்வி, போக மாட்டீர்கள்தானே என்ற தொனியில் இருக்கிறது. போகலாம் என்ற அனுமதியும் அதில் இருக்கிறது, போய்விடாதீர்கள் என்ற தவிப்பும் இருக்கிறது. பேதுருவின் பதில் அதைவிட அழகு: எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை என்று சொல்கிறான். போக்கிடம் இல்லாதவனின் சம்மதம் சுதந்திரமான சம்மதமா என்று தர்க்கம் படித்தவர்கள் கேட்பார்கள். 50 வருஷம் சேர்ந்து வாழ்ந்த தம்பதிகளிடம் கேளுங்கள், அவர்களும் அதைத்தான் சொல்வார்கள்.

நரகத்தைக் காட்டி நேசிக்கச் சொன்னால் அது நேசமா என்ற கேள்வியை இளைஞர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல கேள்வி. இயேசு நரகத்தைப் பற்றி எச்சரித்தார், அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் எச்சரிப்பது வேறு, விளக்கை அணைத்து, கண்ணை மூடச் சொல்லி, மெல்ல கீபோர்டு வாசித்து, இன்று ராத்திரி லாரியில் அடிபட்டால் எங்கே போவாய் என்று கேட்டுக் கையைத் தூக்கவைப்பது வேறு. சவேரியார் எழுதியது என்று வெகுகாலம் நம்பப்பட்ட ஸ்பானியக் கவிதை ஒன்று உண்டு. உண்மையில் எழுதியவர் யாரென்று தெரியாது. மோட்சமே இல்லாவிட்டாலும் உம்மை நேசிப்பேன் என்று சிலுவையைப் பார்த்துச் சொல்கிறது அது. அந்த இடத்துக்கு யாரும் முதல் நாளே போய்ச் சேர்வதில்லை. ஆனால் பயத்தில் தூக்கின கை அந்த இடத்துக்குப் போகிற வழியில் இல்லை. புத்தகத்தை மூடிக்கொண்டு அவசரமில்லை என்றாரே அந்த ஐயர், அவரிடம் நம் சுவிசேஷகர்கள் கொஞ்ச நாள் பாடம் படிக்கலாம்.

கடைசியாகப் பேதுருவிடம் வந்துவிடுகிறேன். யோவான் 21. கலிலேயாக் கடற்கரை, விடியற்காலை, கரிநெருப்பு, அதன்மேல் மீன். கரிநெருப்பு என்ற அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடத்தில் வருகிறது. இன்னொன்று பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில், பேதுரு குளிர்காய்ந்துகொண்டே இயேசுவைத் தெரியாது என்று சொன்ன இடத்தில். அதே புகை, அதே வாசனை. அங்கே உட்காரவைத்து மூன்று தடவை கேட்கிறார், நேசிக்கிறாயா என்று. நேசத்துக்கு அங்கே வரும் இரண்டு கிரேக்கச் சொற்களை வைத்து நம் போதகர்கள் ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்ணுவார்கள். யோவான் அந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிற பழக்கம் உள்ளவர். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. எனக்கு முக்கியம், ஏன் தெரியாது என்றாய் என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்பது. மூன்றாம் தடவை பேதுருவுக்கு வலித்தது. வலியோடுதான் பதில் சொன்னான்.

உடனே இயேசு சொன்னது விசித்திரமானது. வாலிபத்தில் நீயே இடுப்பைக் கட்டிக்கொண்டு நினைத்த இடத்துக்குப் போனாய். வயதானபோது வேறொருவன் உன்னைக் கட்டி, உனக்கு விருப்பமில்லாத இடத்துக்குக் கொண்டுபோவான் என்ற பொருளில் சொல்கிறார். அது அவனுடைய மரணத்தைப் பற்றியது என்று யோவானே விளக்கமும் எழுதுகிறார். அதற்குப் பிறகுதான், என் பின்னே வா என்கிறார். பேதுரு நீரோவின் காலத்தில் ரோமில் கொல்லப்பட்டான் என்பது பழைய மரபு. இந்த அதிகாரம் எழுதப்பட்டபோது அது நடந்து பல வருஷம் ஆகியிருந்தது என்பது பெரும்பாலான வேத அறிஞர்களின் கணிப்பு. அதை முதலில் வாசிக்கக் கேட்டவர்களுக்கு, அவன் போனான் என்பது தெரிந்தே இருந்தது.